70+ நடைக் கால்பந்து: வெளிநாட்டுத் தொடருக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எங்க 70+ (எழுபது வயசும் அதுக்கு மேலயும்) அணியில எல்லாருமே வழக்கமான ஃபுட்பால் ஆடிப் பழகினவங்க. நடைக் கால்பந்துல எங்கே தடுமாறுவாங்க? ஷூ, மருந்து விஷயத்துல என்ன கவனிக்கணும்?

பதில் 1: ஓட்டத்துலதான் சார். 2011-ல இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் உருவான ஆட்டம் இது. எந்நேரமும் ஒரு கால் தரையில இருக்கணும். பந்து இல்லாம ஓடினாலும் எதிரணிக்கு ஃப்ரீ கிக். பழைய ஆட்டக்காரங்க பாஸ் கொடுத்த கையோட ரெண்டு எட்டு ஓடிடுவாங்க, அங்கேதான் விசில். பாஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த இடத்தைப் பார்த்து வைக்கப் பழக்குங்க. உயரப் பந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அளவு தொடருக்குத் தொடர் மாறும், விதிநூலை முன்கூட்டியே கேட்டு வாங்கிடுங்க.

பதில் 2: செயற்கைப் புல்லுன்னா நீள ஸ்டட் (ஷூ அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற குமிழ்) வேண்டவே வேண்டாம். கால் தரையில மாட்டிக்கும், உடம்பு திரும்பும், முட்டி திருகிடும். சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ போதும். புது ஷூவைப் பயிற்சியிலேயே போட்டுப் பழக்கிடுங்க.

பதில் 3: பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற ஒரு வகை மருந்து) எடுக்கிறவங்க நாடித்துடிப்பு வாட்சை நம்பாதீங்க. மருந்து துடிப்பை ஏறவிடாது. முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா உட்கார வைங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவருக்குத் தலையில லேசா அடிபட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். மைதானத்துல இறங்கினதும் ஏஇடி கருவி (இதயம் திடீர்னு நின்னா மின் அதிர்ச்சி கொடுக்கிறது) எங்கேன்னு முதல்ல பாருங்க.