கரையிலிருந்து பாஸ் பிடிக்க: முதலில் எந்த லூர், எப்படி வீசுவது?

நாணல்கரை எழுதியது:

வணக்கம். லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 7 அடி மீடியம் பவர் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல், 10 பவுண்டு மோனோ நரம்பு (ஒற்றை இழை நைலான்). படகு கிடையாது. சின்ன ஏரி, கரையோரம் பாசியும் நாணலும், அதைத் தாண்டியதும் ஆழம் சட்டென்று இறங்குகிறது. தண்ணீர் லேசான பச்சை, இரண்டடி வரை கண்ணுக்குத் தெரியும்.

லூர் (செயற்கை இரை) வகைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நாலே நாலு வாங்குவதென்றால் எவை? இன்னும் இரண்டு சிக்கல்: டெக்சாஸ் ரிக்கில் (முள் முனையை ரப்பர் புழுவுக்குள் மறைத்து, முன்னால் ஈயம் கோத்து மாட்டும் முறை) மீன் கடிப்பது கையில் தெரிகிறது, ஆனால் ராட்டைச் சுண்டினால் தூண்டில் முள் மீன் வாயில் ஏறுவதில்லை, புழு மட்டும் கீழே சரிந்து வருகிறது. நரம்பும் முறுக்கேறி, வளையம் வளையமாக ரீலை விட்டுக் கழன்று வருகிறது.

---

ஓடைத்தூண்டில் பதில்:

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த லூர் எந்த ஆழத்தில் ஓடும், பாசியில் சிக்காமல் வருமா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பாதி லூர்கள் தானாகவே கழிந்துவிடும்.

முதலாவது, 5 அங்குல ஸ்டிக் வோர்ம், அதாவது குச்சி போன்ற ரப்பர் புழு, சென்கோ வகை. நிறம் கிரீன் பம்ப்கின் போதும். உப்புச் சேர்த்து வார்த்த புழு என்பதால் ஈயமே இல்லாமல் மெதுவாக மூழ்கும். மூழ்கும்போது இரண்டு முனையும் லேசாக நடுங்கும். மீனை இழுப்பது அந்த நடுக்கம்தான். 4/0 அளவு அகலவளைவு ஆஃப்செட் முள்ளில் மாட்டுங்கள். புழுவின் தலையில் முள் முனையை அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலைக்குள் போகும்வரை ஏற்றி, முள்ளைத் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு எங்கே படுகிறது என்று நகத்தால் குறித்து, அந்த இடத்தில் நேராகக் குத்தி மறுபக்கம் எடுங்கள். கடைசியாக முனையைப் புழுவின் தோலுக்குள் மட்டும் லேசாகச் செருகுங்கள். புழு கோடு போட்டது போல நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் வளைந்திருந்தாலும் இழுக்கும்போது சுழலும். உங்கள் நரம்பு முறுக்குக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாசியின் வெளி ஓரத்தில் வீசி, நரம்பை லேசாகத் தளர்த்தி மூழ்க விடுங்கள். பெரும்பாலான கடி அந்த இறக்கத்தில்தான் வரும், கையில் தெரியாமலே வரும். அதனால் கண் நரம்பின் மேலேயே இருக்கட்டும். நரம்பு ஒரு துள்ளு துள்ளினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், வழக்கமாக மூழ்கும் நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டாலும் மீன் வாயில் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியைத் தொட்டதும் ராட் முனையை ஒரு முழம் தூக்கி, மறுபடி மூழ்க விடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் அவசரப்பட்டுச் சுற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு.

இரண்டாவது, அதே முள்ளோடு 5 கிராம் புல்லட் ஈயம், ஒரு கிரியேச்சர் பெய்ட் (கால், கொடுக்கு வைத்த ரப்பர் இரை). நீங்கள் சொன்ன டெக்சாஸ் ரிக்தான் இது. பாசிக்குள் இருக்கும் சந்துகளில் இறக்க. அடர்த்தி கூடினால் 7 கிராம். ஈயம் தனியாக ஓடிப்போய்ப் புழு பாசி மேலேயே தங்காதபடி ஒரு ரப்பர் தடுப்பான் போடுங்கள்.

மூன்றாவது, 10 கிராம் ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் சுழலும் தகடு வைத்த லூர்), வெள்ளை. காற்றடித்து நீர்ப்பரப்பு சிலிர்க்கும்போது இதற்கு இணை கிடையாது. இலை வடிவத் தகடு தெளிந்த நீருக்கு, வட்டமான கொலராடோ தகடு கலங்கலுக்கு. தகடு சுழல்வது ராட்டில் அதிர்வாகத் தெரிகிற வேகம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவது, நெட் ரிக்: 3 கிராம் காளான் தலை ஜிக்கில் இரண்டேமுக்கால் அங்குலப் புழு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துத் தூண்டில்காரர் நெட் கேடி (Ned Kehde) பெயரால் வழங்குவது. முள் திறந்தே இருப்பதால் பாசியில் மாட்டும். ஆழம் இறங்கும் பக்கம் மட்டும் போடுங்கள். மற்ற எதற்கும் மசியாத மீன் இதற்கு மசியும்.

தவளை லூர் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன் இரட்டை முள்ளை ஏற்றவும், பாசிக்கு மேலே மீனை இழுத்து வரவும் ஹெவி ராட்டும் 50 பவுண்டு பிரெய்டும் (பல இழை பின்னிய நரம்பு) வேண்டும். உங்கள் ராட்டுக்கு இப்போது வேண்டாம். கிராங்க்பெய்ட் (இழுத்தால் முங்கி நெளிந்து ஓடும் மீன் வடிவ லூர்) கல்லிலும் மரக்கட்டையிலும் முட்டித் திரும்பும்போதுதான் நன்றாக வேலை செய்யும். பாசி ஏரியில் அதன் மும்முள்ளைச் சுத்தம் செய்வதிலேயே பொழுது போய்விடும்.

---

முடிச்சுக்காரன் பதில்:

முள் ஏறாததற்கு வருகிறேன். முதலில் முள்ளின் கம்பித் தடிமனைப் பாருங்கள். ஹெவி ராட்டுக்கென்று செய்த தடித்த முள்ளை மீடியம் ராட்டால் ஏற்றவே முடியாது. மெல்லிய அல்லது நடுத்தரக் கம்பி முள்ளுக்கு மாறுங்கள். முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது மோனோ. அது நன்றாக நீளும். தூரத்தில் இருக்கும் மீனுக்கு நீங்கள் சுண்டும் விசையில் பாதியை நரம்பே தின்றுவிடும். 15 பவுண்டு பிரெய்ட், முனையில் 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நரம்பு) 5 அடி, இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு. இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைக்க மறக்காதீர்கள்; உலர்ந்த ஃப்ளூரோ சூடேறி அங்கேயே அறும். பிரெய்ட் சுற்றும் முன் ஸ்பூலின் அடியில் சில மீட்டர் மோனோ சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்தக் கட்டும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும்.

கடி தெரிந்ததும் அப்படியே சுண்டாதீர்கள். ராட் முனையை நீரை நோக்கித் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, மீனின் பாரம் தெரிந்த நொடியில் மேலே வீசி இழுங்கள். அந்த நேரத்தில் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) வழுக்கிக் கத்தினால் அது தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு இழுவிசைக்கு வைத்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்று: டொக்டொக்டொக் என்று விடாமல் கொத்தினால் அது பெரும்பாலும் சிறு மீன், வாலைக் கடிக்கிறது. பாஸ் கடி ஒரே ஒரு ‘தொப்’, பிறகு பாரம். நெட் ரிக்குக்கு மேலே சொன்ன சுண்டலே வேண்டாம், சுற்றிக்கொண்டே ராட்டை உயர்த்தினால் போதும்.

---

தக்கை பதில்:

முறுக்குக்கு மூன்று காரணம் சொல்லலாம். ஸ்பூல் வழிய வழிய நரம்பு சுற்றியிருக்கும். விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்த வேண்டும். வீசியபின் கைப்பிடியைச் சுற்றி, ரீலின் கம்பி வளையத்தை (பெய்ல்) மூடுவீர்கள். அதைக் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். டிராக் நரம்பை விட்டுக்கொண்டிருக்கும்போதே ரீலைச் சுற்றுவது மூன்றாவது. அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு ஏறும். ஏறிய முறுக்கை எடுக்க, லூரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் நரம்பை 50 மீட்டர் விட்டுத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தாலே பெரும்பகுதி பிரிந்துவிடும்.

---

நாணல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. முள் நிஜமாகவே தடித்த வகைதான். ஸ்டிக் வோர்மை நடுவில் முள் குத்தி வாக்கி ரிக்காகப் போட்டால் கடி அதிகம் என்கிறார்கள், ஆனால் மீன் தொண்டைவரை விழுங்கிவிடுமாமே?

---

ஓடைத்தூண்டில் பதில்:

கடி அதிகம் என்பது உண்மை, விழுங்குவதும் உண்மை. நரம்பு நகர்ந்ததைப் பார்த்தும் காத்திருந்தால்தான் விழுங்கும். 1/0 முள், புழுவின் நடுவில் ஒரு ரப்பர் வளையம், அதற்கடியில் முள். வளையம் இல்லாவிட்டால் ஓரிரு மீனிலேயே புழு அறுந்துவிடும். முள் முனைக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது எளிது. தொண்டையில் ஆழமாக ஏறிவிட்டால் குடைந்து எடுக்காமல் முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிடுங்கள். அப்படி விட்டால் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் தாடை மூட்டு சிதையும். இன்னொரு கையை வயிற்றுக்கடியில் கொடுங்கள்.

நீர் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும். அப்போது பிடிப்பதற்குச் சில பகுதிகளில் தடை உண்டு, உங்கள் பகுதி விதியை முன்பே பார்த்துவிடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பாதி வேகத்தில் செய்யுங்கள், ஸ்பின்னர்பெய்ட்டைப் பெட்டியிலேயே வையுங்கள்.