கணக்கில் லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை: வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்குத் திரும்பலாமா?

மேழி எழுதியது:

எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நிலம். பாதியில் காய்கறி, மீதியில் தானியமும் மாட்டுத் தீவனமும். கறவை மாடுகள் மூன்று. அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் முழுநேரமாக அதில்தான் உழைக்கிறார்கள். நான் வெளியூரில் சம்பள வேலையில் இருந்துகொண்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் அப்பா நோட்டைக் கூட்டிப் பார்த்து, “இந்த வருடமும் லாபம்தான்” என்பார். கொடுத்த ஒவ்வொரு காசையும் தேதியோடு எழுதி வைக்கிறவர் அவர். ஆனாலும் மோட்டார் பழுதானால் கடன், மாட்டுக்கு நோய் வந்தால் கடன். அந்த லாபம் எங்கே போகிறது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அண்ணன் கடனில் டிராக்டர் எடுக்கலாம் என்கிறார். நானும் வந்துவிட்டால் ஆள்கூலி மிச்சமாகும், பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடிக்கலாம் என்பது அவருடைய திட்டம். எனக்கும் நிலத்தின்மேல் ஆசை உண்டு.

நோட்டில் உள்ளதைச் சுருக்கித் தருகிறேன். மொத்த விற்பனையை 100 என்று வைத்துக்கொண்டால், விதை, உரம், தீவனம், டீசல், வெளியாள் கூலி, உழவு வாடகை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 58. மீதி 42, இதைத்தான் அப்பா லாபம் என்கிறார். கடன் தவணைக்கு 14 போகிறது. அதில் வட்டி 5, அசல் 9. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

வரப்புக் கணக்கு எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவின் நோட்டைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்கள் அம்மா அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

விடியுமுன் சாணம் அள்ளி, பால் கறந்து, பகலில் களையெடுத்து, பறித்த காயைத் தரம் பிரித்து, இரவில் மறுபடியும் தொழுவத்துக்குப் போகிறவரின் பெயர் அந்த நோட்டில் ஒரு வரியாகக்கூட இருக்காது. வெளியிலிருந்து ஒரு பெண் வந்து அதே வரிசையில் நின்று களையெடுத்தால் அன்று மாலையே கூலி எழுதப்படும். அம்மா எடுத்த களைக்கு எழுதப்படாது. என் வீட்டு நிலத்தின் கணக்கைப் பல ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். உறவினர்களின் நோட்டுகளையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எல்லா நோட்டுகளும் ஒரே மாதிரிதான். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

ரஷ்யாவின் வேளாண் பொருளாதார அறிஞர் அலெக்சாண்டர் சாயனோவ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் வைத்து நடக்கும் பண்ணை நட்டம் வந்தால் மூடப்படும். குடும்பப் பண்ணை மூடப்படாது, ஏனென்றால் குடும்பம் தன் கூலியைக் குறைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை உறுதி என்று பாராட்டுகிறார்கள். அந்த உறுதியின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்று கேட்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அந்த 42-க்குக் கீழே மூன்று வரிகள் சேருங்கள். முதலாவது தேய்மானம். மோட்டார், குழாய், தெளிப்பான், கொட்டகை என்று ஒவ்வொன்றும் வாங்கிய விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து எழுதுங்கள். கறவை மாடும் இதில் சேரும். கன்றை வளர்த்து அதன் இடத்துக்குக் கொண்டுவராவிட்டால் ஒருநாள் புது மாடு வாங்கியாக வேண்டும். இரண்டாவது, குடும்பத்தார் மூவரின் உழைப்பு நேரம், வெளியாளுக்கு நீங்கள் கொடுக்கும் அதே கூலி விகிதத்தில். மூன்றாவது, உங்கள் நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியாவில் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் சாகுபடிச் செலவை இதே போன்ற அடுக்குகளில்தான் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஏ2. அதனுடன் குடும்ப உழைப்பின் மதிப்பு சேர்ந்தால் அடுத்த அடுக்கு. சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்தால் சி2. விலை போதுமா, போதாதா என்று நடக்கும் சண்டைகளில் பாதி, எந்த அடுக்கை வைத்துப் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அம்மாவின் நேரத்தை அப்பாவிடம் கேட்காதீர்கள். அம்மாவிடமே கேளுங்கள்.

பழைய என்ஜின் எழுதியது:

டிராக்டர் பற்றி மட்டும் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த துறை.

ஒரு மணி நேர உழவு வாடகை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியானால் டீசல், எண்ணெய், சில்லறைப் பழுது என்று மணிக்கு 4 ஆகும். ஆக, மணிக்கு மிச்சம் 6. ஆனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி, தேய்மானம், காப்பீடு என்று ஆண்டுக்கு ஒரு நிலைச் செலவு இருக்கிறது. அது 1,200 என்றால் வண்டி ஆண்டுக்கு 200 மணி நேரம் ஓடியாக வேண்டும். உங்கள் பகுதியின் உண்மையான எண்களைப் போட்டு இதே போல வகுத்துப் பாருங்கள். நான்கு ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு அந்த மணிக்கணக்கை எட்டுவது மிகக் கடினம்.

அண்ணன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மழை பெய்து ஈரம் நிற்கும் அந்தச் சில நாட்களில்தான் எல்லாருக்கும் உழவு வேண்டும்; வாடகை வண்டி உங்கள் முறைக்கு வரும்போது ஈரம் போயிருக்கும். பருவம் தவறிய விதைப்பால் குறையும் மகசூல் எந்த நோட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை, ஆனால் அது செலவுதான். ஆகவே முழு டிராக்டருக்கு முன், கையால் பிடித்து ஓட்டும் சிறிய உழவு இயந்திரமான பவர் டில்லரின் கணக்கைப் பாருங்கள். அல்லது பக்கத்து நிலத்தார் இருவர் மூவரோடு சேர்ந்து வாங்குங்கள். சேர்ந்து வாங்குவதானால் யார் முதலில் உழுவது, பழுதானால் யார் கொடுப்பது என்று வண்டி வருவதற்கு முன்பே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

காலைச் சந்தை எழுதியது:

டிராக்டரை விடுங்கள், நேரடியாக விற்றுப் பாருங்கள் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். நான் அப்படி விற்கிறவள். விலை கூடக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கழுவுவது, கட்டுவது, ஏற்றுவது, நாள் முழுக்க நின்று விற்பது எல்லாம் உழைப்பு. மாலையில் மிஞ்சும் வாடிய காய் நட்டம். கூடுதலாக வரும் பணத்தை, கூடுதலாகச் செலவிட்ட மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பது நிலம் நிறைய உள்ளவர்களின் கேள்வி. நம்மிடம் குறைவாக இருப்பது ஆள். அதனால் ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு என்று பயிர்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் அப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் இரண்டு காய்களை நிறுத்தினேன். விற்பனையில் அவை முன்னணியில் இருந்தவை, ஆனால் பறிப்பதிலேயே நேரம் முழுவதும் போய்விடும்.

பாலை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். லாபம் மெல்லியதாக இருந்தாலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே பணம் கொண்டுவருவது அதுதான். ஆனால் அதற்கு ஒருநாள்கூட விடுமுறை கிடையாது.

மேழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வரப்புக் கணக்கு அக்கா சொன்னபடி எழுதிவிட்டேன். தேய்மானம் 11. மூவரின் உழைப்பு, வெளியாள் கூலி விகிதத்தில் 38. நிலத்துக்குக் குத்தகை வந்திருந்தால் 15. மூவரில் அதிக மணி நேரம் அம்மாவுடையது. அப்பா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

வெளியாள் கூலி, அந்த 58-க்குள் 17. பெரும்பகுதி பறிப்பு நாட்களிலும் களை நாட்களிலும் ஆவது. நான் ஆண்டு முழுவதும் அனுப்பும் பணத்தை இதே அளவில் சொன்னால் 20 வரும்.

வரப்புக் கணக்கு எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இனி எண்களையே பேச விடுகிறேன்.

42-லிருந்து வட்டி 5, தேய்மானம் 11 கழித்தால் 26. மூவரின் உழைப்புக்கு வர வேண்டியது 38. அதாவது உங்கள் நிலத்தில் வெளியாள் வாங்கும் கூலியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் பெற்றோருக்கும் அண்ணனுக்கும் கிடைக்கிறது. நிலத்துக்கு என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. அப்பா லாபம் என்று சொன்னது, குறைத்துக் கொடுக்கப்பட்ட கூலி.

அடுத்து, பணம் எங்கே போகிறது என்ற கேள்வி. அசல் திருப்பிக் கட்டுவது செலவுக் கணக்கில் வராது, ஆனால் பணம் போகும். தேய்மானம் செலவு, ஆனால் இந்த ஆண்டே பணம் போகாது. இந்த இரண்டும் குழம்புகிற இடத்தில்தான் வீடுகள் தடுமாறுகின்றன. தவணை 14 போக உங்கள் வீட்டில் நிற்பது 28. அதில் 11-ஐத் தனியே எடுத்து வைத்தால்தான் மோட்டார் நின்றுபோகும் நாளில் கடன் இல்லாமல் வேறு வாங்கலாம். எடுத்து வைத்தால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 17. இப்போது அந்த 28-ம் செலவாகிவிடுகிறது. மோட்டாரின் அடுத்த சில ஆண்டுகளைச் சாப்பிட்டுவிட்டு, அது நின்றதும் வட்டிக்கு வாங்குகிறீர்கள்.

17-க்கு எதிரில் நீங்கள் அனுப்பும் 20-ஐ வையுங்கள். பண்ணை வீட்டுக்குத் தரக்கூடியதைவிட நீங்கள் அனுப்புவது அதிகம். வேலையை விட்டால் அந்த 20 நிற்கும். பதிலுக்கு மிச்சமாகும் என்று அண்ணன் சொல்லும் வெளியாள் கூலியான 17 முழுவதாக மிச்சமாகாது. பறிப்பு நாளில் ஒரே நேரத்தில் பல கைகள் வேண்டும், நீங்கள் ஒரு ஆள். ஆகவே இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். நிலத்தின்மேல் உங்களுக்குப் பற்று இருக்கிறது என்பதாலேயே சொல்கிறேன்.

வெளிவேலையை நம்பிப் பண்ணை ஓடுவதை அவமானமாக நினைக்கிறவர்கள் உண்டு. அதில் அவமானம் ஏதும் இல்லை. இந்தியாவில் 2018-19-க்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், வேளாண் குடும்பங்களின் சராசரி வருமானத்தில் பயிரிலிருந்து வந்ததைவிடக் கூலியும் சம்பளமும் அதிகமாக இருந்தன. அமெரிக்காவிலும் பெரும்பாலான பண்ணைக் குடும்பங்கள் பண்ணைக்கு வெளியே ஈட்டும் வருமானத்தைத்தான் பெரிதும் சார்ந்திருக்கின்றன என்று அந்நாட்டு வேளாண் துறையே சொல்கிறது. உலகப் பண்ணைகளில் ஆறில் ஐந்து இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்தவை. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆய்வுப்படி, வேளாண் நிலத்தில் 12 சதவீத அளவையே வைத்துக்கொண்டு உலக உணவில் மூன்றில் ஒரு பங்கை அவை விளைவிக்கின்றன. இத்தனையையும் தாங்குகிறவர்களுக்குக் கூலி நிறைவாக வருவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கணக்கு ஓர் ஆண்டுக்கானது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புள்ளிவிவர அறிஞர் கிரெகரி கிங்கின் பெயரால் ஒரு கணக்கு வழங்கியது: தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். அதே எண்கள் எல்லா இடத்துக்கும் பொருந்தா, ஆனால் போக்கு பொருந்தும், தலைகீழாகவும் பொருந்தும். எல்லார் வயலும் நன்றாக விளைந்த ஆண்டில் உங்கள் கைக்கு வருவது குறையலாம். அதனால் அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்து இன்னும் சில ஆண்டுகளுக்கு இதே கணக்கைப் போடுங்கள். மோசமான ஆண்டில் 14 கட்ட முடிந்ததா என்று தேடிப் பாருங்கள். முடியவில்லை என்றால் டிராக்டர் கடன் பற்றிய பேச்சே வேண்டாம்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால், வாங்கும் பொருள் உழைக்கும் காலமும் கடனின் காலமும் ஒத்திருக்கட்டும். விதைக்கும் உரத்துக்கும் ஒரு பருவக் கடன் சரி, அறுவடையில் முடிந்துவிடும். பல ஆண்டுகள் உழைக்கும் மோட்டாரை ஒரே பருவக் கடனில் வாங்கினால் அந்த அறுவடை முழுவதையும் அது விழுங்கிவிடும், அடுத்த விதைப்புக்குக் கையில் எதுவும் இராது.

குத்தகை பற்றி அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். கூடுதல் நிலத்தில் கூடுதலாக உழைக்கப்போவது யார் என்று முதலில் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அந்தப் பெயர் அம்மாவுடையதாக இருந்தால் வேண்டாம். ஆள் இருக்கிறது என்றால், முதல் ஆண்டு விளைச்சலில் பங்கு என்ற முறையில் கேட்டுப் பாருங்கள். விளைச்சல் கெட்டால் நில உரிமையாளருக்கும் குறையும் என்பதால் சுமை இருவருக்கும் பிரியும். அவர் நிலைத்தொகைதான் வேண்டும் என்றால், நோட்டில் இருக்கும் மிக மோசமான ஆண்டின் மகசூலிலும் அந்தத் தொகையைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி, டில்லர் பேச்சை அதன்பின் எடுங்கள்.