மாட்டின் முன்னங்காலில் மடங்குவது முட்டியா, மணிக்கட்டா?

கல்லூரி ஆசிரியை:

கலைச்சொல் குழுவின் அன்புடையீர், வணக்கம். கால்நடை மருத்துவம் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒப்பீட்டு உடற்கூற்றியலில் தமிழ்த் துணைக்கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

மாடு படுக்கும்போது முதலில் தரையில் ஊன்றுமே, முன்னங்காலின் நடு மூட்டு, அதற்கு என்ன பெயர் வைப்பது? ஊரில் முட்டி என்போம். உடற்கூற்றின்படி அது நம் மணிக்கட்டு. நம் முழங்கைக்கு இணையானது அதற்கு மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கிறது. அசல் முழங்காலோ பின்னங்காலில், அடிவயிற்றுத் தோல்மடிப்புக்குப் பக்கத்தில்.

மணிக்கட்டில் மனிதனுக்கு 8 சிற்றெலும்புகள். மாட்டுக்கு 6: மேல்வரிசையில் 4, கீழ்வரிசையில் 2. குதிரைக்கு 7 அல்லது 8. அதற்குக் கீழே மாட்டில் மூன்றாம், நான்காம் உள்ளங்கை எலும்புகள் சேர்ந்து ஒரே தண்டாகிவிடுகின்றன. குதிரையில் மூன்றாவது மட்டும் தடித்து, இரண்டாவதும் நான்காவதும் அதன் இருபுறமும் குச்சிபோல ஒட்டிக்கிடக்கும். "குதிரை நடுவிரல் நுனியில் நிற்கிறது" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முட்டி என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே உள்ளங்கை எலும்பு என்று எப்படி எழுதுவது? இந்த மூட்டுக்குப் பாடநூல் தரும் கார்ப்பஸ் என்ற பெயரையே விட்டுவிட மனம் வரவில்லை.

புலவர்:

அம்மா, மணிக்கட்டு வேண்டாம். மணி கட்டும் இடம் என்பதால் மணிக்கட்டு. அது கைக்கு உரியது. மாட்டுக்கு நாம் மணி கட்டுவது கழுத்தில்.

நம்மிடம் நல்ல பழஞ்சொல் இருக்கிறது: மொழி. பேசும் மொழி அன்று. உடம்பின் மூட்டுக்கும் கரும்பின் கணுவுக்கும் மொழி என்று பெயர் உண்டு, முழி என்றும் வழங்கும். முழங்கால், முழங்கை, முழந்தாள், அளவைக்குரிய முழம் எல்லாமே இந்த வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. முழவு என்னும் தோற்கருவியின் பெயரும்கூட அப்படித்தான் என்று எண்ணுகிறேன், தனி மடலில் விரிப்பேன். முன்னங்கால் மூட்டுக்கு முன்மொழி, பின்னங்கால் மூட்டுக்குப் பின்மொழி என்று வைத்தால் போதும். உடற்கூற்றியல் என்ற நீட்டலும் தேவையில்லை. இலக்கணத்தில் உறுப்புக்குச் சினை என்று பெயர். ஆகவே ஒப்புச்சினையியல்.

கள மருத்துவர்:

புலவர் ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எங்கள் துறையில் சினை என்றால் மாடு கன்று சுமக்கிறது என்று பொருள். ஒப்புச்சினையியல் என்று பலகை மாட்டினால் சினைப் பரிசோதனைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். முன்மொழி வீங்கியிருக்கிறது என்று நான் எழுதினால், யார் வழிமொழிந்தது என்று கேட்பார்கள்!

விளையாட்டு போகட்டும். உழவு மாட்டில் சிலசமயம் பின்னங்கால் நீட்டினபடியே பூட்டிக்கொள்ளும். முழங்கால் சில்லு மேலே ஏறி மாட்டிக்கொள்வதால் வருவது. மாடு குளம்பு நுனியைத் தரையில் இழுக்கும், பிறகு வெடுக்கென்று காலை முன்னே உதறும். குளம்பின் முன்பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சில்லின் உட்புறத் தசைநாரை அறுத்துவிட்டால் நடை நேராகிவிடும். இதைத் துண்டறிக்கையில் "முழங்கால் கோளாறு" என்று எழுதினால் விவசாயி எங்கே தடவிப் பார்ப்பார்? முன்னங்காலில்தான். ஆகவே மாணவனுக்கு மணிக்கட்டு, விவசாயிக்கு முன்முட்டி. சப்பை என்றால் தொடைப்பகுதி. சப்பை நோய் என்ற பெயரை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கவில்லை. நோய் எங்கே வீங்கும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்தால் மாணவன் தேர்வில் ஒன்றும் களத்தில் இன்னொன்றும் எழுதுவான். ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். குதிரைக்காரர்கள் இந்த மூட்டை 'நீ' (knee), அதாவது முழங்கால் என்கிறார்கள், பாடநூல் கார்ப்பஸ் என்கிறது. உலகக் கால்நடை உடற்கூற்றுச் சொற்பட்டியல் 1968-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குப் பிறகும் லாயத்தில் யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. கறிக்கடையில் சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்குகிறோமே, கடைக்காரர் கத்தி போடுவதும் இந்த மூட்டில்தான். அவரிடம் மணிக்கட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

என் யோசனை: "முன்கால் மணிக்கட்டு" என்று எழுதி, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "வழக்கில் முன்முட்டி" என்று சேர்க்கலாம்.

புலவர்:

முன்கால் மணிக்கட்டு என்றால் பின்கால் மணிக்கட்டும் உண்டோ என்று கேட்கத் தோன்றுகிறதே! காலில் கையை ஒட்டவைத்த சொல் அது. தொல்காப்பியர் மரபியலில் இளமைப்பெயர் மட்டும் ஒன்பது சொல்கிறார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று எதற்கு எது பொருந்தும் என வகுத்தும் காட்டுகிறார். விலங்குக்கு விலங்கு சொல் வேறு என்பதே நம் மரபு. மனித உடம்பின் சொல்லை மாட்டின் மேல் ஏற்றுவது அந்த மரபுக்கு ஒவ்வாது.

கல்லூரி ஆசிரியை:

ஐயா, விலங்குக்கு விலங்கு சொல்லைப் பிரித்தால் இந்தப் பாடமே நடத்த முடியாது. மனிதன் கை, மாட்டின் முன்னங்கால், நாயின் பாதம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அதுதான் என்று காட்டுவதுதான் என் வேலை. அதற்கு ஒரே சொல் வேண்டும். நாளைக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால் "முன்கால் மணிக்கட்டு" என்றே எழுதிவிட்டேன். விவசாயிகளுக்கான பின்னிணைப்பில் முன்முட்டி. மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், நான் என மூவர் இதற்கு இசைந்திருக்கிறோம், குழுவில் மற்றவர்கள் பேசவில்லை.

அடுத்த சிக்கல் பின்னங்காலில் இருக்கிறது. பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டு நம் கணுக்கால், அதன் முனை நம் குதிகால். ஆனால் மாட்டில் அது தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது. குதிகால் என்று எழுதினால் எல்லோரும் குளம்பைப் பார்ப்பார்கள்.

கள மருத்துவர்:

டாக்டரம்மா, கணுக்கால் என்றே போடுங்கள். கணு என்றாலும் மூட்டுதான், புலவர் ஐயாவும் மறுக்கமாட்டார்.

புலவர்:

கணுவை மறுக்கவில்லை. மணிக்கட்டுக்கு என் மறுப்பு நிற்கிறது, அதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் ஒரு வரியாகவாவது போடுங்கள். முழவு பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.