ஆன்லைன் கோல்ஃப் டூர் சீசனுக்கு மைதானங்களை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்?

ஈரப்புல்

வணக்கம் நண்பர்களே. வீடியோ கேமில் 40 பேர் ஆடும் ஒரு ஆன்லைன் கோல்ஃப் டூரை நடத்துகிறேன். வாரம் ஒரு போட்டி, நான்கு ரவுண்டு, அவரவர் நேரம் கிடைக்கும்போது ஆடி முடிக்கலாம். 12 வார முதல் சீசன் இப்போதுதான் முடிந்தது, அடுத்ததற்கு மைதானப் பட்டியல் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

போன முறை பெயர் பெற்ற மைதானங்களின் பிரதிகளாகத் தேடி எடுத்தேன், பார்க்க அழகாக இருந்த சிலவற்றையும் சேர்த்தேன். முதல் மூன்று வாரமும் ஜெயித்தவர் 30 அண்டர் பக்கம், அதாவது மைதானத்துக்கு விதித்த அடிகளை (பார்) விட 30 குறைவாக, போய்விட்டார். பதறிப்போய் மீதி வாரங்களுக்கு 7,500 யார்டுக்குக் குறையாத மைதானங்களாகவே போட்டுவிட்டேன். அதனால் முன்வரிசைக்கு நான்கைந்து ஷாட் கூடியது, அவ்வளவுதான். பின்வரிசையில் இருப்பவர்கள்தான் நொந்துபோனார்கள். 12-இல் 9 வாரம் அதே மூன்று பேர் ஜெயித்தார்கள், கடைசி வாரம் நான்கு ரவுண்டையும் முடித்தவர்கள் 22 பேர்தான்.

8-ஆம் வாரம் நடந்தது இன்னும் உறுத்துகிறது. இரண்டாம் ரவுண்டில் 6-ஆம் ஹோலின் பின் (குழியில் நிற்கும் கொடி) ஒரு சரிவின் மேல் விளிம்பில் இருந்தது, கிரீன் வேகத்தையும், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்லில் பந்து உருளும் வேகத்தையும், நான் அதிகமாக வைத்திருந்தேன். நாலடி தூரத்திலிருந்து குழிக்கு உருட்டும் பட் ஒன்றை ஒரு துளி மெதுவாகத் தட்டினால் பந்து குழி வரை போய், ஒரு கணம் நின்று, அப்படியே திரும்பி உருண்டு கிரீனுக்கு வெளியே வந்துவிடும். ஒருவர் அந்த ஒரே ஹோலில் 11 எடுத்தார். அத்துடன் டூரை விட்டே போய்விட்டார், நல்ல ஆட்டக்காரர்.

ஒரு மைதானத்தை எடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிஜ மைதானங்களின் பிரதிகள் எத்தனை, கற்பனை மைதானங்கள் எத்தனை வைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணற்குழி

நீளத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நிஜ கோல்ஃபிலேயே அது பெரிதாக எடுபடுவதில்லை. 2013 யூ.எஸ். ஓப்பன் மெரியனில் நடந்தது, மொத்த நீளம் 7,000 யார்டுக்குக் கொஞ்சம் கீழே, ஜெயித்த ஜஸ்டின் ரோஸின் ஸ்கோர் 1 ஓவர். 2017-இல் அதே போட்டி எரின் ஹில்ஸில், 7,700 யார்டுக்கு மேல், ப்ரூக்ஸ் கெப்கா 16 அண்டரில் ஜெயித்தார். மெரியனில் ஃபேர்வே (நடுவில் வெட்டிய புல்) குறுகல், ரஃப் (ஓரத்துப் புல்) அடர்த்தி, தவறான பக்கம் நின்றால் கிரீனைத் தொடவே கஷ்டம். எரின் ஹில்ஸில் ஃபேர்வே அகலம், மழையில் தரையும் இளகிக் கிடந்தது.

வீடியோ கேமில் இது இன்னும் மோசமாகும். ஒவ்வொரு கிளப்பும் எத்தனை யார்டு போகும் என்று திரையிலேயே எழுதியிருக்கிறது, அதனால் 100 யார்டில் நிற்பவருக்கும் 170-இல் நிற்பவருக்கும் கணக்கு ஒன்றுதான், ஸ்விங்கின் நேரம் மட்டும் சரியாக விழ வேண்டும். அது எப்போதும் சரியாக விழுகிற மூன்று பேர்தான் உங்கள் டூரில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நீளத்தைக் கூட்டக் கூட்ட அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் கூடும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்கும்போது எத்தனை ஹோலில் கை தயங்குகிறது? தூரம் போகும் டிரைவரா, அடக்கமாக அடிக்கும் அயனா, இடமா வலமா என்று உண்மையிலேயே யோசிக்க வைக்கிற ஹோல் 18-க்கு ஆறாவது இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பேன். அமெரிக்காவின் ரிவியேரா மைதானத்தின் 10-ஆம் ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் 315 யார்டு பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டியது). உலகத்தில் தூரமாக அடிக்கும் ஆட்டக்காரர்கள் எல்லாரும் எட்டிவிடும் தூரம், ஆனாலும் அங்கே வந்து நின்று யோசிக்கிறார்கள், ஏனென்றால் கிரீன் ஒல்லியாக, கோணலாக, பங்கர் என்னும் மணற்குழிகளுக்கு நடுவில் கிடக்கிறது.

நான் ஆடும் ஒரு டூரின் இறுதி வாரத்தில் இதே ஜாதியில் ஒரு கற்பனை ஹோல், 308 யார்டு. முதலிடத்தில் இருந்தவர் டிரைவர் எடுத்தார், பந்து வலது பங்கருக்குள் போனது. கிரீன் அவரிடமிருந்து விலகிச் சரிகிறது, மணலிலிருந்து எடுத்த பந்து நிற்காமல் எதிர்ப்பக்க பங்கரில் விழுந்தது. முடிவில் 6. ஒரு ஷாட் பின்னால் இருந்தவர் ஃபேர்வேயின் இடது ஓரத்துக்கு 210 யார்டில் ஒரு அயன், மீதி 98-க்கு ஒரு வெட்ஜ், பேர்டி (பாரை விட ஒன்று குறைவு). இருவரில் யார் ஸ்விங் சுத்தம் என்று கேட்டால் முதலாமவர்தான். ஆனால் அன்றைக்கு ஜெயிக்க அது போதவில்லை.

வடகாற்று

மணற்குழி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மைதானம் பாதிதான். மீதிப் பாதி பின், காற்று, தரையின் இறுக்கம். நான் சில வருடங்களாக மைதானம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன், பிரதிகளும் கற்பனைகளும் செய்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு லிங்க்ஸ் (கடலோர மணல் நிலத்து) மைதானத்தைக் காற்றில்லாமல் வைத்தால் அதைக் கொன்றுவிட்டீர்கள் என்றே அர்த்தம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 14 பார் 4, அதில் 9, 10, 12, 18 நான்கும் 400 யார்டுக்குள். காற்று இல்லை, தரை இளக்கம் என்றால் அங்கே இருக்கும் 112 பங்கர்களில் பாதி யார் கண்ணிலும் படாது. அதையே தரையை இறுக்கி, குறுக்காக ஒரு காற்றை விட்டுப் பாருங்கள், பந்து உருண்டு போய் நிற்கும் இடத்தில் சரியாக ஒரு பங்கர் காத்துக்கொண்டிருக்கும். அந்த பங்கர்கள் எல்லாம் உருளும் பந்துக்காகவே இருப்பவை.

அப்புறம் ஹோல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று மேலிருந்து ஒரு தடவை பாருங்கள். ஸ்காட்லாந்தின் ட்ரூனில் முன் ஒன்பது வெளியே போகும், பின் ஒன்பது திரும்பி வரும், அதனால் பாதி ரவுண்டு காற்று உங்களுடையது, பாதி எதிரி. மியூர்ஃபீல்டு அப்படியில்லை, முதல் ஒன்பது வெளிவட்டமாக ஒரு பக்கம் சுற்ற, அடுத்த ஒன்பது உள்ளே மறுபக்கம் சுற்றும், காற்று ஏறக்குறைய ஹோலுக்கு ஹோல் வேறு கோணத்தில் வரும். நான்கு நாளுக்கும் காற்றின் திசையை மாற்றினால் ஒரே மைதானம் நான்கு மைதானம் ஆகிவிடும்.

உங்கள் 6-ஆம் ஹோல் கதையைப் படித்தபோது வயிறு கலங்கியது. ஒரு பின் வைக்கும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடிக்காவது பந்து நிற்கிற தளம் வேண்டும். வடிவமைத்தவர் அந்த மைதானத்தை நடுத்தர வேகத்தில் சோதித்திருப்பார், அந்த வேகத்தில் அது நல்ல பின்னாகவே இருந்திருக்கும். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் 18 ஹோல், நான்கு பின் என்று 72 இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். முழு ரவுண்டாக ஆட வேண்டியதில்லை, கிரீனுக்குப் போய் மேலிருந்து ஒரு பட், பக்கவாட்டில் ஒரு பட், போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

பிரதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது நல்ல பிரதிகள் லைடார் தரவிலிருந்து செய்யப்படுகின்றன, அதாவது விமானத்திலிருந்து லேசரால் அளந்த நிலத்தின் ஏற்ற இறக்கம். அமெரிக்காவில் அது பொதுவில் கிடைப்பதால் அங்குள்ள மைதானங்களுக்கு மேடுபள்ளம் சரியாக வந்துவிடும். ஆனால் கிரீனின் நுணுக்கமான வளைவுகள் வடிவமைப்பவரின் கையைப் பொறுத்தவை, பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். மரங்களை அள்ளிக் கொட்டியிருந்தால் பழைய கன்சோலில் ஸ்விங் நடுவே படம் தடங்கும், அதையும் ஒருவரை ஆடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். முக்கியமாக, எடுக்கும் முன் வடிவமைத்தவருக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்களுக்கு அது பெரிய சந்தோஷம், தவிர போட்டி நடக்கும் வாரத்தில் மைதானத்தில் கை வைக்கவும் மாட்டோம்.

மெதுபந்து

நான் என் டூரில் 40 பேரில் 30-ஆவது இடத்தில் இருப்பவன், எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

கஷ்டமான மைதானம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. தப்பு செய்தால் பந்து தொலைந்தே போகிற மைதானம்தான் பிரச்சினை. இரண்டு பக்கமும் தண்ணீர், ஃபேர்வே 20 யார்டு, 14 ஹோல் அப்படியே என்றால் இரண்டாம் ரவுண்டிலேயே ஆசை விட்டுப்போகும். அமெரிக்காவின் சாக்ராஸ் மைதானத்தின் 17-ஆம் ஹோலை எல்லாரும் ரசிக்கிறோம், 137 யார்டு, சுற்றிலும் தண்ணீர். ஆனால் அங்கே அது ஒன்றுதான் அப்படி. அதுகூட முதலில் திட்டமிட்டது இல்லை, மைதானம் கட்ட அந்த இடத்தில் மணலைத் தோண்டித் தோண்டிப் பெரிய பள்ளமாகிவிட, வடிவமைத்த பீட் டையின் மனைவி ஆலிஸ் டைதான் அதைத் தண்ணீர் நடுவில் ஒரு தீவாக விட்டுவிடலாம் என்றார். இதைப் பார்த்து மைதானத்துக்கு மூன்று தீவு கிரீன் வைக்கிறவர்களின் மைதானங்களைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானம் மாதிரி உள்ளவை. டீயில் தாராளமாக இடம், ஆனால் கிரீன் ஆமை முதுகு மாதிரி, ஓரத்தில் விழுந்த பந்து எல்லாம் வழிந்து கீழே வந்துவிடும். அங்கே நான் ஒரு ரவுண்டில் ஏழு போகி (பாரை விட ஒன்று கூடுதல்) போட்டேன், ஒரு பந்துகூடத் தொலையவில்லை. கீழே நின்று சிப் செய்வதா, பட்டரால் மேலே தள்ளுவதா என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க ஏதோ ஒன்று இருந்தது. நான்கு ரவுண்டையும் முடித்தேன். முதலிடத்தில் இருந்தவருக்கும் அந்த வாரம் 12 அண்டர்தான்.

இன்னொன்று, இரண்டு கடின வாரங்களை அடுத்தடுத்துப் போடாதீர்கள். ஒரு கடினம் முடிந்தால் அடுத்த வாரம் பேர்டி கொட்டுகிற ஒரு குட்டி மைதானம் வரட்டும். 62 அடித்துவிட்டு வருகிறவன் அடுத்த வாரமும் வருவான்.

ஈரப்புல்

மூவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி என் பழைய பட்டியலை எடுத்து, மணற்குழி சொன்ன மாதிரி கை தயங்கும் ஹோல்களை எண்ணினேன். 12 மைதானத்தில் ஆறைத் தாண்டியவை மூன்றுதான். ஒன்றில் ஒன்றுகூட இல்லை, அது 7,900 யார்டு.

இப்போதைக்கு யோசித்திருப்பது: பிரதிகள் 5, கற்பனை 7. நீளமான மைதானங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவையும் தள்ளித் தள்ளி. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தை முதல் வாரமே வைத்துவிடலாம் என்று ஆசை, எல்லாருக்கும் தெரிந்த இடம், காற்றை மட்டும் நாளுக்கு நாள் மாற்றுவேன். ஒரே சந்தேகம், மைதானத்தை எத்தனை நாள் முன்னால் அறிவிப்பது? போன முறை ஒரு மாதம் முன்பே சொன்னேன், சிலர் 20 ரவுண்டு பழகிவிட்டு வந்தார்கள்.

மணற்குழி

மைதானத்தை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், பின்னையும் காற்றையும் சொல்லாதீர்கள். பழகுகிறவர் பழகட்டும், அதில் தப்பில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கத்துப் பின் என்று தெரியாமல் பழகட்டும். பழைய மைதானத்தை முதல் வாரம் வைக்கிறீர்கள் என்றால் முதல் நாள் காற்றை மிதமாக விடுங்கள், புதிதாகச் சேருகிறவர்கள் இருப்பார்கள். பலமான காற்றை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வடகாற்று

இரட்டை கிரீன் இருக்கும் மைதானம் என்பதால் ஒரு விஷயம். அங்கே ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு ஹோல் முடிகிறது, 2-உம் 16-உம் ஒன்று, 5-உம் 13-உம் ஒன்று, இப்படி. நீங்கள் எடுக்கும் பிரதியில் இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிடாமல் நான்கு நாளுக்கும் பாருங்கள். ஒரு பிரதியில் 7-உம் 11-உம் அப்படி வந்து, பாதிப் பேர் தப்பான கொடியைப் பார்த்து அடித்துவிட்டார்கள்.

ஈரப்புல்

இதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது திறந்து பார்த்தேன், மூன்றாம் நாள் 7, 11 இரண்டு கொடியும் ஆறு யார்டு இடைவெளியில் நிற்கின்றன. வடிவமைத்தவருக்கு எழுதிவிட்டேன். அவர் பதில் வரும் வரை மற்ற கிரீன்களில் மேலிருந்து ஒரு பட், பக்கவாட்டில் ஒரு பட் என்று ஆரம்பிக்கிறேன்.