ஆட்டோ கட்டர் வாங்கும் முன் கட்டிங் மாஸ்டரிடம் பேச வேண்டுமா?

நூல்கண்டு:
திருப்பூரில் நடுத்தர யூனிட்கள்கூட இப்போது துணியை அடுக்காக விரிக்கும் ஆட்டோ ஸ்ப்ரெடர், அதை வெட்டும் ஆட்டோ கட்டர் என்று விலை விசாரிக்கின்றன. வாங்கட்டும். ஆனால் மெஷின் வந்து இறங்கும் நாளில்தான் கட்டிங் டேபிளில் நிற்பவர்களுக்கு விஷயமே தெரிகிறது. எந்த மெஷின், எப்போது, அதன்பின் யாருக்கு என்ன வேலை என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். பழகும் நாட்களுக்குச் சம்பளமும் தர வேண்டும்.

பனியன்_யூனிட்:
கணக்குப் பார்க்காமல் பேசுகிறீர்கள் அண்ணா. பையர் பீஸுக்குச் சில காசு குறைத்தாலே எங்கள் லாபம் போய்விடும். இதில் மெஷினுக்கு வங்கித் தவணை வேறு. முன்கூட்டியே சொன்னால் நல்ல மாஸ்டர் மறுநாளே பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார். சீசன் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் சொல்வது?

நூல்கண்டு:
மறைத்தால் மட்டும் இருந்துவிடுவாரா? மெஷின் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து போவார்கள், அவ்வளவுதான். அவரோடு என்ன போகும் என்று பாருங்கள். ஆட்டோ கட்டர் கீழிருந்து காற்றை உறிஞ்சித் துணி அடுக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, மார்க்கரில், அதாவது துணியில் எந்தப் பாகம் எங்கே வரும் என்று காட்டும் வரைபடத்தில், உள்ள கோட்டின்படி வெட்டும். ஆனால் லைக்ரா கலந்த துணி ரோலில் இழுபட்டே இருக்கும். பிரித்துப் போட்டு ஆறவிடாமல் விரித்தால், வெட்டிய பிறகு சுருங்கி அளவு குறையும். எந்த லாட் எவ்வளவு சுருங்கும், ரோலுக்கு ரோல் ஷேடு எங்கே மாறுகிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்பவர் அந்த மாஸ்டர். மார்க்கர் போடும் கம்ப்யூட்டர் முன் அவரை உட்கார வையுங்கள். புதிதாக வரும் பையனுக்கு சாஃப்ட்வேர் தெரியும், துணி தெரியாது.

ஓவர்லாக்_அக்கா:
முதலாளியின் நல்ல மனதை நம்பி இருக்கச் சொல்லாதீர்கள். ஆட்குறைப்பு வரக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவே சொன்னது. 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ, ஆட்குறைப்பில் போகும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதியில் முதலாளி கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் கான்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டுக்கு வந்தவரிடம் நாளை வர வேண்டாம் என்று சொன்னால், அதை ஆட்குறைப்பு என்று எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்? ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு வேலையோடு தங்குமிடமும் போகும். 1980களில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது சங்கங்கள் எதிர்த்தன, அப்புறம் உட்கார்ந்து பேசி 1983இல் ஒப்பந்தம் போட்டன. இங்கே கட்டிங் செக்‌ஷனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

பனியன்_யூனிட்:
வங்கி வேறு, நாங்கள் வேறு அக்கா. இவ்வளவு பயமும் வேண்டாம். அடிடாஸ் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோ ஷூ ஆலைகளை நடத்திப் பார்த்து, மூடப்போவதாக 2019இல் அறிவித்துவிட்டது. தையலுக்கு இன்னும் மனிதக் கைதான் வேண்டும். பனியன் துணி வழுக்கும், சுருளும், மெஷின் திணறுகிறது.

நூல்கண்டு:
அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் உள்ள சப்ளையர்களிடம் கொண்டுபோவதாகவும் அடிடாஸ் அப்போதே சொன்னது. அதாவது நம் பக்கம். தையல் கடைசியில் மாறும், சரி. கட்டிங் இப்போதே மாறுகிறதே! தனியாக முடியாதென்றால் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் நான்கு ஜாப்வொர்க் யூனிட்கள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை வையுங்கள். சாயக்கழிவு நீருக்காகப் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் ஊர் இது.

பனியன்_யூனிட்:
சேரலாம். ஆனால் பயிற்சி முடித்தவர் ஒரு வருடம் வேறு யூனிட்டுக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும்.

ஓவர்லாக்_அக்கா:
ஆளைக் கட்டிப்போடும் அந்தக் காகிதத்தில் எங்கள் செக்‌ஷனில் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டோம். பயிற்சி முடிந்ததும் என்ன கூலி என்பதை முதலில் எழுதுங்கள். கட்டுப்படியானால் அவர்களே இருப்பார்கள்.