எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாட என்ன சொல்லித்தரலாம்?

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை பாட்டு வகுப்பு எடுக்கிறேன். பக்திப் பாட்டிலேயே வருஷம் ஓடிவிடுகிறது, ஆனால் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள், யாரும் ஒதுங்கி உட்காராமல் பாடுகிற மாதிரி வேண்டும். இப்போதைக்குக் கையில் இருப்பது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், வள்ளலார் பாடல்கள் கொஞ்சம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு யாரிடமாவது ஒலிப்பதிவாக இருக்கிறதா? மெட்டு தெரியாமல் வெறும் வரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

அப்புறம் வீட்டுப் பயிற்சிக்கு, கூகுளின் குரோம் மியூசிக் லேப் இணையதளத்தில் இருக்கிற சாங் மேக்கர் என்ற மெட்டுப் போடும் கருவி. இலவசம், லாகின் வேண்டாம், ஸ்கேலைப் பென்டடானிக் (ஐந்து ஸ்வர வரிசை) என்று வைத்தால் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரமும் வந்துவிடும், பிள்ளைகள் கட்டத்தைத் தட்டித் தட்டி மெட்டுப் போடுகிறார்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது, அது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், பார்வையில்லாத ஒரு மாணவிக்கு அந்த வண்ணக் கட்டங்களால் பயனே இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஆண்ட்ராய்டு டாக்பேக்கோடு ஒத்துப்போகிற, அவள் அம்மாவின் பழைய போனிலும் ஓடுகிற ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். வீடியோ பாடம் வேண்டாம், டேட்டா தாங்காது.