காசிமேட்டு மீன்: வெட்டுக்கூலி தண்டமா?

பெரம்பூர் கணக்கு:
மாசச் செலவு கையைக் கடிக்குதுன்னு போன வாரம் பூரா இந்த குரூப்புல ஒரே புலம்பல். வழி இருக்கு. என் வீட்ல நாலு பேர். தெருவுல வர்ற வண்டிக்காரர்கிட்ட மீன் வாங்குறதை நிறுத்திட்டேன். மாசம் ரெண்டு ஞாயிறு விடியக்காலை 4 மணிக்கு ஸ்கூட்டர்ல காசிமேடு மீன் ஹார்பர். கூறு போட்டு விக்கிற இடத்துல சங்கராவோ சுதும்போ 4 கிலோ. வண்டிக்காரர் விலையை விடக் கிலோவுக்கு 120 குறையுது. அங்க வெட்டிக் குடுக்க கிலோவுக்கு 40 கேக்குறாங்க, அது சுத்த தண்டம். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வெட்டி, டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல. மாசம் 8 கிலோவுக்கு விலையில 960, வெட்டுக்கூலியில 320. ஆகமொத்தம் 1,280 மிச்சம். நோட்டு போட்டு எழுதுறேன்.

காசிமேட்டுக்காரி:
தண்டம்னு சொன்னதை முதல்ல வாபஸ் வாங்குங்க சார். எங்கம்மா அந்த ஹார்பர்ல 22 வருஷம் மீன் வெட்டுனவங்க. ராத்திரி 2 மணிக்குக் கட்டையையும் கத்தியையும் தூக்கினு போவாங்க. ஒரு கிலோ காரப்பொடியை வெட்டிப் பாருங்க. செதில், செவுள், குடல்னு எடுத்து முடிக்கிறதுக்குள்ள விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துடும். கெளுத்தி முள்ளு குத்துச்சுனா ரெண்டு நாளைக்குக் கை வீங்கிக் கிடக்கும். புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினு தான் எனக்கு டிபன் கட்டுவாங்க, அப்பவும் டப்பா மூடியில அந்த வாடை இருக்கும். அந்தக் கூலியில படிச்சவ நான்.

வியாசர்பாடி வாசி:
மரியாதை இருக்கட்டும், கணக்கே தப்பு. வண்டிக்காரர் சும்மாவே வெட்டிக் குடுப்பாரு. முன்னாடியும் நீங்க வெட்டுக்கூலி குடுக்கல, இப்பவும் குடுக்கல. அந்த 320 எப்படி மிச்சம் ஆச்சு?

பெரம்பூர் கணக்கு:
காசிமேட்டுல குடுத்திருக்க வேண்டியது, குடுக்கல. அதான் மிச்சம். இது புரியாதவங்களுக்கு மேற்கொண்டு என்ன சொல்ல?

வியாசர்பாடி வாசி:
அப்போ நான் ஏரோப்ளேன்ல போகாம பஸ்ல வேலைக்குப் போறேனே, தினம் எனக்கு எத்தனை ஆயிரம் மிச்சம்? அதையும் உங்க நோட்டுல ஏத்துங்க சார்.

காசிமேட்டுக்காரி:
அது அப்பால இருக்கட்டும். வீட்ல யாரு வெட்டுறது?

பெரம்பூர் கணக்கு:
மனைவிதான். கைப்பழக்கம் உண்டு. இருபது நிமிஷ வேலை.

காசிமேட்டுக்காரி:
4 கிலோ சங்கரா இருபது நிமிஷமா! நீங்க பக்கத்துல நின்னு பாத்ததே இல்ல, அது மட்டும் தெரியுது. எங்கம்மா மாதிரி வருஷக்கணக்கா உக்காந்து வெட்டுனவங்களுக்கு அது வரும். வீட்ல அரிவாள்மனையில, சின்ன சிங்க்குல, குழாய்த் தண்ணி சன்னமா ஒழுகும்போது வெட்டுறவங்களுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆவும். அப்பால செதில் அடைச்ச ஓட்டையைக் குச்சி விட்டுக் குத்தணும், தரையை ரெண்டு தடவை கழுவணும். ஞாயித்துக்கிழமை காலையில நீங்க தூங்கப் போயிருப்பீங்க. உங்க நோட்டுல அந்த 320 உங்க வீட்டம்மா பேருலதான் வரணும். எழுதி, கையில துட்டாக் குடுங்க.

திருவொற்றியூர் பெரியவர்:
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் நோட்டுல என்ன எழுதுவீங்க தம்பி?

காசிமேட்டுக்காரி:
ஐயா, தடை விசைப்படகுக்குத்தான். சின்ன ஃபைபர் படகு போவுது, கரையோர மீன் வருது. தடைன்னா காசிமேட்டுல மீனே இல்லன்னு ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்க.

திருவொற்றியூர் பெரியவர்:
மீன் இல்லன்னு நான் எப்பம்மா சொன்னேன்? விலை ஏறுமா ஏறாதா? நாற்பது வருஷமா இந்தக் கரையில வாங்குறவன் நான், எனக்கே பாடமா?

காசிமேட்டுக்காரி:
விலையைப் பத்தி நான் பேசவே இல்ல ஐயா. கூலியைப் பத்திப் பேசுறேன்.

கொருக்குப்பேட்டை கொரில்லா:
ஸ்கூட்டர் பெட்ரோல் உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு சார்? 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்குச் சாதா பஸ்ல டிக்கெட் கிடையாது. உங்க வீட்டம்மா போனா அதுவும் மிச்சம்.

காசிமேட்டுக்காரி:
ஆமா, வெட்டுறதும் அவங்க, போய்த் தூக்கினு வர்றதும் அவங்க. நோட்டு எழுதறது மட்டும் இவரு. நல்லா யோசனை சொல்ற நைனா.

வியாசர்பாடி வாசி:
ஃப்ரீசரை வேற முழுசா அடைச்சு வெக்கிறாரு. ரெண்டு மாசக் கரண்ட் 500 யூனிட்டைத் தாண்டிடுச்சுனா? 2022 செப்டம்பர் ரேட்டுல ரெண்டாவது நூறு யூனிட்டுக்கு 2.25 இருந்தது. மொத்தம் 500ஐத் தாண்டினா அதே நூறுக்கு 4.50. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 225 ரூபா கூட.

பெரம்பூர் கணக்கு:
ஃப்ரிட்ஜ் மீன் இருந்தாலும் ஓடும், இல்லாட்டியும் ஓடும். ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட்டுதான் எனக்கு. போன வருஷம் சிலிண்டர் பேச்சுலயும் நீங்க இப்படித்தான் குறுக்க வந்தீங்க.

வியாசர்பாடி வாசி:
குக்கர்ல சமைச்சா சிலிண்டர் 70 நாள் வரும்னு சொன்னீங்களே, அதானே? தேதி எழுதின சீட்டைக் கேட்டேன். இன்னும் வரல.

பெரம்பூர் கணக்கு:
உங்களுக்குக் காட்டணும்னு எனக்கு அவசியம் இல்ல.

காசிமேட்டுக்காரி:
மிச்சம் பிடிக்கிறதுல எனக்கு விரோதம் இல்ல. எங்க தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒரு கூடையை ஏலத்துலயே எடுத்துப் பங்கு போட்டுப்போம். வஞ்சிரத்தை விட்டுட்டு நெத்திலி, காரப்பொடின்னு வாங்குவோம். சங்கராத் தலையைத் தூக்கிப் போட மாட்டோம், குழம்பு ருசியே அதுலதான். ரேஷன்ல 30 ரூபாத் துவரம்பருப்பு, 25 ரூபா பாமாயில் விடாம வாங்குனவங்க நாங்க. ஆனா மீன் வெட்டுற பொம்பளைகிட்ட நாப்பதை முப்பதாக்குன்னு யாரும் கேட்டது இல்ல. அவங்க கட்டைக்குப் பக்கத்துல நின்னுப் பாத்தா கேக்க வாய் வராது.

கொருக்குப்பேட்டை கொரில்லா:
ரேஷன் பாமாயில்ல மீன் வறுத்தா நல்லாவே இருக்காது.

காசிமேட்டுக்காரி:
எங்க வீட்டுக்கு வந்து சாப்டுட்டுப் பேசு தம்பி.

பெரம்பூர் கணக்கு:
பேச்சு எங்கெங்கயோ போகுது. நான் யாரோட தொழிலையும் குறை சொல்லல. என் காசு, என் வீட்டு மீன். 1,280 மிச்சம்னு சொன்னேன், 1,280தான்.

வியாசர்பாடி வாசி:
960.

பெரம்பூர் கணக்கு:
1,280.

காசிமேட்டுக்காரி:
அடுத்த ஞாயிறு வாங்க சார். எங்கம்மா உக்காந்த இடத்துல இப்ப எங்க சித்தி உக்காந்துக்கினு இருக்கு. 160 ரூபா குடுத்து நாலு கிலோவையும் வெட்டி எடுத்துனு போங்க. உங்க வீட்டம்மா ஒரு ஞாயிறு நிம்மதியா உக்காந்து டீ குடிக்கட்டும்.

பெரம்பூர் கணக்கு:
வர்றேன். முழு மீனாத்தான் எடுத்துட்டுப் போவேன்.

காசிமேட்டுக்காரி:
தண்டம்னு சொன்னதை இன்னும் வாபஸ் வாங்கல நீங்க.

திருவொற்றியூர் பெரியவர்:
அந்த 61 நாளுக்கும் இன்னும் பதில் வரல.